எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் வந்த மனிதர்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகனுக்கு,

நீ கண்டியிலிருந்து பதிவுத் தபாலில் அனுப்பிய சத்தியக் கடதாசி நேற்றுக் காலை கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கான கறி அடுப்பில் இருந்தது, கையெல்லாம் மிளகாய்த்தூள். கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் தபால்காரனின் புத்தகத்தில் ஒப்பமிட்டேன். அதைச் சமாதான நீதவான் ஒருவரிடம் கொண்டுபோய், அவர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வைத்து, வெள்ளிக்கிழமைத் தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். எந்த இடத்தில் வைப்பது என்று அம்மாவுக்குத் தெரியாமல் போய்விடும் என்று பென்சிலால் ஒரு புள்ளடியும் போட்டிருந்தாய். தம்பி, நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கப் போவதுமில்லை. இதை ஒரு வரியில் எழுதிப் போட்டால் நீ அடுத்த ரயிலில் ஏறி வந்து என்னோடு சண்டை பிடிப்பாய், சண்டைக்கென்று வந்தாலும் நாலு நாள் நிற்பாய் என்று ஒரு ஆசை எனக்கு வந்தது உண்மை. ஆனால் காரணத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. ஆகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசி, நடுவில் நிறுத்தாதே.

உன் வழக்கு எனக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். விளங்கும். உன் அப்பா காரில் அடிபட்டுச் செத்தபோது உனக்கு ஏழு வயது. தகப்பனை அப்படி இழந்த பிள்ளைக்கு நட்டஈடு கேட்க உரிமை உண்டு. பிள்ளை மைனர் என்றால் அந்த உரிமை அவனுக்கு இருபத்தொரு வயதாகும்வரை காத்திருக்கும், அதன் பிறகு இரண்டு வருடத்துக்குள் வழக்கு வைத்துவிட வேண்டும். உனக்கு இருபத்துமூன்று முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நீ இன்சூரன்ஸ் கொம்பனிக்குக் கடிதம் எழுதினாய். அவர்களோ, உன் தாயார் தனக்கும் பிள்ளைக்குமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, இனி எந்தக் காலத்திலும் எதுவும் கேட்பதில்லை என்று அப்போதே ஒப்பமிட்டிருக்கிறார் என்று பதில் எழுதி, இத்தனை வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பற்றுச்சீட்டின் பிரதியையும் அனுப்பினார்கள். அந்த ஒப்பத்தை விழுத்த உன்னிடம் இருப்பது இந்தச் சத்தியக் கடதாசி ஒன்றுதான். எனக்கு ஆங்கிலம் வாசிக்கவோ எழுதவோ தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கையெழுத்து வைத்தேன் என்று அதன் நாலாம் பந்தி சொல்கிறது. அந்த நாலாம் பந்தியை நான் ஆங்கிலத்திலேயே வாசித்தேன், தம்பி. இரண்டு தரம் வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

நான் மலாயாவில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். என் அப்பா அங்கே ரயில்வேயில் கிளாக்கராக இருந்ததும் தெரியும். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பதினாலு வயதுவரை என்னைப் படிக்க வைத்தார் என்பதை மட்டும் நான் உனக்குச் சொல்லவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட, என்னை யாழ்ப்பாணத்துச் சொந்தங்களிடம் கப்பலேற்றி அனுப்பினார்கள். இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று மாமி ஒருத்தி அந்தப் படிப்பை அப்படியே மூடி மறைத்தாள். உன் அப்பாவிடம் அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று எட்டிப் பார்த்த நான், அவர் பக்கத்தைத் திருப்பப் போக, "பொறுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. அதன் பிறகு கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தப் பாதி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை தோறும் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் ஒரே பேப்பரை வாசிப்போம். அவர் போன பிறகு இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நீ பத்து வயதில் உன் பள்ளிக்கூடத்துக் கடிதங்களை எனக்கு வாசித்து அர்த்தம் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பாய். சொல்லைப் பிழையாக வாசித்தாலும் நான் வாய் திறக்கவில்லை. நீ சட்டக்கல்லூரிக்குப் போன பிறகு, வீடு வெறுமையாகக் கிடக்கும் பகல் நேரங்களில் உன் கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். கோழி கிண்டின மாதிரி எழுத்து உனக்கு. மைனருடைய உரிமை பற்றியும் இரண்டு வருடக் கணக்குப் பற்றியும் நான் படித்தது அந்தக் கொப்பிகளில்தான்.

விபத்தைப் பற்றி நீ பெரியப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். அவர் சொல்லாததும் இருக்கிறது. உன் அப்பா கோட்டையில் வேலை பார்த்த கந்தோரை விட்டு மாலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் சந்தியில், பணக்காரர் குடியிருக்கிற கறுவாத்தோட்டத்துத் துரை ஒருவருடைய கார் பின்னால் வந்து இடித்தது. காரில் டிரைவர் மட்டும்தான் இருந்தான். கார் வைத்திருக்கிற எல்லாரும் இன்சூரன்ஸ் எடுக்கத்தான் வேண்டும் என்ற சட்டம் அப்போது வரவில்லை, இந்தத் துரை தானாக எடுத்திருந்தார். அதனால் எங்கள் வாசலுக்குத் துரை வரவில்லை, கொம்பனிதான் வந்தது. அப்பா பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் அவருக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. அந்த நேரம் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். "நான் கை காட்டினனான். திரும்பப் போறன் எண்டு வடிவாக் கை காட்டினனான். அவன் காணேல்லை" என்றார். பிறகு நீ பள்ளிக்கூடம் போனாயா என்று கேட்டார். போனவன் என்றேன். அதற்குப் பிறகு அவர் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை.

மரண விசாரணைக்கு என்னை யாரும் கூட்டிப் போகவில்லை. அன்றைக்குத்தான் தாலி இழந்தவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று உத்தியோகத்தர்களுக்குப் பதில் சொல்வதா? தந்தி கண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா போனார். அப்பாவுக்கு மூத்தவர், எல்லாவற்றையும் அவர்தான் தலையில் சுமந்தார். "எங்களுக்கு ஒருத்தரிலும் குறை இல்லை. எங்கட விதி" என்று விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பிரேதத்தைக் கொண்டு வந்தார். அந்த டிரைவர் அங்கே நின்று அழுதானாம். அழுகிறவனைக் கை காட்டிக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, பொழுதுபட முன்னர் பிரேதம் வீட்டுக்கு வரவும் வேண்டும். செத்தவீட்டில் எல்லாரும் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை அது. அதிகாரி அதை எழுதி வைத்துக்கொண்டார், பிறகு கொம்பனி அதைப் பிரதி எடுத்துக்கொண்டது. இன்னும் ஒன்று. இடித்த வேகத்தில் சைக்கிளின் பின் சில்லு மடிந்து போயிருந்தது. கார் எந்தப் பக்கத்தால் வந்தது என்று அதைப் பார்த்தாலே தெரியும். துக்கம் விசாரிக்க வருகிற சனத்தின் கண்ணில் அது படக்கூடாது என்று பெரியப்பா எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முன்னரே கடைக்கு அனுப்பிப் புதுச் சில்லுப் போட்டு, எண்ணெய் பூசித் துடைத்து, கொல்லையில் சாத்தி வைத்தார். நீ ஓட்டப் பழகியது அந்தச் சைக்கிளில்தான்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ வழக்குப் பேசுகிற பிறக்கிராசியாகிவிட்டாய், இனி எத்தனையோ செத்தவீட்டு வாசல்களில் போய் நிற்பாய். போனதும் சைக்கிள் எங்கே என்று கேள், ஒருவரையும் தொடவிடாதே. காரின் இலக்கத்தையும் பார்த்தவர்களின் பேரையும் அன்றைக்கே எழுதி வாங்கு. பத்து நாள் போனால் பார்த்தவர்கள் எல்லாரும் பார்க்காதவர்கள் ஆகிவிடுவார்கள். விசாரணையில் குறை இல்லை என்றும் சொல்ல வேண்டாம், குற்றம் என்றும் சொல்ல வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கள் போதும் என்று அந்த வீட்டு ஆண்களுக்குச் சொல். அதன் பிறகு, உள்ளே இருக்கிற பெண்ணிடம் நீயே நேரில் போய், அவர் கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார் என்று கேள். என்னிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை.

நான் உள்ளறையில் பாயில் இருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை படி தாண்டக் கூடாது. வீடு நிறையச் சனம். பெண்கள் வந்து கட்டிப் பிடித்து அழுவார்கள். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் என்னைப் பற்றிக் கதைப்பார்கள். "இவளை இனி என்ன செய்யப் போறியள்?" "பிள்ளையை ஆர் பார்க்கிறது?" "பென்சன் ஏதும் வருமோ?" சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது அவர்களுக்குத் தெரியும், இருந்தும் குரலைத் தணிக்க மாட்டார்கள். பெரியப்பா கந்தோர் கந்தோராக அலைந்தார், ஆனால் தம்பியின் மனைவியோடு நேரே கதைப்பது அவர் வளர்ந்த முறையில் இல்லை. கதவுக்கு வெளியே நின்று பெரியம்மாவிடம் சொல்லுவார்: "பெட்டித் திறப்பு எங்க எண்டு அவளிட்டக் கேள்." கதவுக்கு உள்ளே நிற்கிற எனக்கு அது கேட்கும். பெரியம்மா வந்து அதையே திரும்பச் சொல்லும்வரை நான் பதில் சொல்லாமல் நிற்பேன். நீயும் என்னிடம் வரவில்லை. வெள்ளைச் சேலையில் என்னைக் கண்டதும் பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாய். உன்னில் பிழை இல்லை, ஏழு வயது. ஆனால் எனக்கு அப்போது இருபத்தேழு வயது, தம்பி. அவ்வளவு சனத்துக்கு நடுவில் நான் ஒரு சொல் கதைக்க ஆள் இல்லாமல் இருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் அந்த மனிதர் வந்தார். பெரியப்பா பென்சன் விஷயமாகக் கோட்டைக்குப் போயிருந்தார், பெரியம்மா குசினியில் இருந்தார். வந்தவர் வேட்டியும் வெள்ளைக் கோட்டும் போட்டிருந்தார், நாற்பத்தைந்து வயது இருக்கும், யாழ்ப்பாணத்து ஆள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நான் கதவுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டு, என் முகத்தை நேரே பாராதபடி கதிரையைச் சற்றுத் திருப்பிப் போட்டு இருந்தார்.

"தங்கச்சி, நான் கொம்பனிக் கந்தோரிலயிருந்து வாறன். அது அவசரமில்லை. முதல்ல சொல்லுங்கோ, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"பொய் சொல்லாதேங்கோ. குரலில தெரியுது."

பிறகு, "அவர் என்ன மாதிரி ஆள், தங்கச்சி?" என்று கேட்டார். எப்படி அடிபட்டார் என்று எல்லாரும் கேட்டார்கள். எப்படிப்பட்டவர் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். சவரம் செய்யும்போது சீட்டி அடிப்பார், அதனால் மாதத்தில் இரண்டு தரமாவது கன்னத்தை வெட்டிக்கொள்வார் என்று சொன்னேன். கறியில் உப்புக் கூடினால் வாய் திறந்து சொல்ல மாட்டார், தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடிப்பார், அதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பெரியம்மா குசினி வாசலால் எட்டிப் பார்த்த பார்வை இப்போதும் எனக்குத் தெரிகிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்திருப்பேன். இடையில் அவர் ஒரு சின்னக் கொப்பியில் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டிருந்தார், அப்பாவின் வயது, சம்பளம், ஏதும் நோய் வருத்தம் இருந்ததா என்பது போன்றவை. அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சொன்னேன். "கை காட்டினவராம். வடிவாக் காட்டினவராம்" என்றேன். அவருடைய பென்சில் நின்றது. "அதையெல்லாம் யோசிச்சு மனத்தைப் புண்ணாக்காதேங்கோ, தங்கச்சி" என்றார். நான் சொன்ன எல்லாவற்றிலும் அதை மட்டும் அவர் எழுதவில்லை. அதையும் நான் கண்டேன்.

பிறகு கடதாசியை எடுத்துக் கதவடியில் வைத்தார். செலவுக்குக் கொம்பனி தருகிற உதவி, கீழே ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றார். "வாசிச்சுச் சொல்லட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கடதாசியை எடுத்து முழுவதும் வாசித்தேன். எழுத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். இது முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு என்று இருந்தது. மனைவியும் பிள்ளையும் காரின் சொந்தக்காரரிடமோ கொம்பனியிடமோ இனி எந்தக் காலத்திலும் எந்த உரிமையும் கேட்பதில்லை என்று இருந்தது. பிள்ளை என்ற இடத்தில் உன் பேரை மையால் எழுதியிருந்தார்கள். விளங்காத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. நான் அவருடைய பேனையை வாங்கித் தமிழில் கையெழுத்து வைத்தேன். பற்றுச்சீட்டில் நீ பார்த்து, இது ஆங்கிலம் தெரியாதவளின் கையெழுத்து என்று வாதாட நினைத்திருக்கிற கையெழுத்து அதுதான்.

பெரியப்பா வந்து அறிந்ததும் கூடத்தில் நின்று கத்தினார். பிறகு கொஞ்சம் ஆறி, வந்த சனத்துக்கெல்லாம், "அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏமாத்திப் போட்டாங்கள்" என்று சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், அதை நம்பியும் சொன்னார். நான் அந்தப் பேச்சுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். கொம்பனி கொடுத்தது அப்பாவின் ஆறு மாதச் சம்பளம். அது கரைந்ததும், உன்னை யாழ்ப்பாணத்தில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு, நான் வெள்ளவத்தையில் ஒரு சிறு வீடு பிடித்துக் கந்தோர்க்காரர்களுக்குச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். மூன்று வருடம் நீ அங்கே இருந்தாய். விடுமுறைக்கு வந்தால் ரயிலடியில் என்னைக் கண்டதும் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் போவாய். நியாயமான நட்டஈடு கிடைத்திருந்தால் அந்த மூன்று வருடமும் நீ என்னிடம் இருந்திருப்பாய். அதை நான்தான் எழுதிக் கொடுத்தேன், வாசித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். நீ திரும்பி வந்து, "அம்மா, நான் பிறக்கிராசியாகி, உங்களை ஏமாத்தினவங்களைச் சும்மா விடமாட்டன்" என்று சொன்னபோது உனக்குப் பத்து வயது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ அதைச் சொல்லிச் சொல்லியே படித்தாய், நான் அதைப் பார்த்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பெரியப்பா போன வருடம் கண்ணை மூடும்வரை அவருக்கும் சொல்லவில்லை.

உலக யுத்தம் முடிந்த வருடம், எங்கள் வீட்டில் சாப்பிடுகிற கிளாக்கர் ஒருவர் இன்சூரன்ஸ் கந்தோர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே மற்றவர்களுக்குச் சொன்னார். "தமிழ் வீடெண்டால் எட்டு முடிஞ்சாப் பிறகு, அந்தியேட்டிக்கு முன்னம் போகவேணும். முந்திப் போனால் வீடு நிறைய ஆம்பிளையள். பிந்திப் போனால் மனிசி வெளியில வந்து பிறக்கிராசியிட்டப் போயிடுவா. சோனக வீடெண்டால் மனிசி உள்ளுக்க இருக்கிற இத்தா முடிய முன்னம். அந்தந்தச் சனத்தில ஒராளைத்தான் அனுப்புவினம்." சொதியை ஊற்றிக்கொண்டிருந்த நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றேன். பத்தொன்பதாம் நாள் என்பது யாரோ கணக்குப் பார்த்து எடுத்த நாள். சப்பாத்தைக் கழற்றியது, கதிரையைத் திருப்பியது, சாப்பிட்டீர்களா என்று கேட்டது எல்லாம் அவருடைய வேலை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது.

நீ கண்டிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. காலையில் மரக்கறிக்காரனோடு சிங்களத்தில் நாலு சொல் பேரம் பேசுவேன். மத்தியானம் வருகிறவர்கள் சோறு போடுங்கோ, போதும் என்று இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போவார்கள். மிச்ச நேரத்துக்குக் கடலும் ரயிலும் இருக்கின்றன. உன் அறையை இன்னும் வாடகைக்கு விடவில்லை. இதைச் சொல்வது நீ இரங்க வேண்டும் என்பதற்காக இல்லை, கொஞ்சம் இரங்கினாலும் பாதகமில்லை. ஒருவர் வந்து இருந்து நிதானமாகக் கதைத்தால் அந்த மனிதருக்காக நான் எதையும் எழுதிக் கொடுத்துவிடக் கூடியவள் என்பது எனக்கு இப்போதும் தெரியும். அதனால் வாசலுக்கு வருகிற ஏஜண்டுமாரை நான் உள்ளே இருக்கச் சொல்வதில்லை.

இனி உன் வழக்கு. நாலாம் பந்தியை வெட்டிவிட்டு வேறு கடதாசி எழுதி அனுப்பு. நான் ஆங்கிலம் அறிந்தவள், வாசித்தேன், விளங்கியது என்று எழுது. சாவுத் துடக்கு வீட்டில், வெளியே போக முடியாத நாளில், ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து வந்தார் என்று எழுது. பிள்ளைக்குத் தனி உரிமை உண்டு என்றோ, பிறக்கிராசியைக் கேட்கலாம் என்றோ ஒருவரும் சொல்லவில்லை என்று எழுது. என் பங்கை நான் விட்டுக் கொடுத்தேன், அது போகட்டும். உன் பங்கைக் கோர்ட்டைக் கேட்காமல் எழுதிக் கொடுக்கத் தாய்க்கு அதிகாரம் இருந்ததா என்பதை கண்டியில் நீ கீழிருந்து வேலை செய்கிற பெரிய பிறக்கிராசியாரிடம் கேள். உன் இரண்டாம் வருடக் கொப்பியில் அதைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறாய். அப்படி நின்றால் வழக்கு நிற்கட்டும், விழுந்தால் விழட்டும். பொய்ச் சத்தியத்தில் நிற்கிற வழக்கு உன் முதல் வழக்காக இருக்க வேண்டாம். அதோடு, அப்பா கை காட்டினார் என்பதை நான் சொல்லும்போது கோர்ட் நம்ப வேண்டுமென்றால், மற்றதிலும் நான் உண்மை சொல்லுகிறவளாக இருக்க வேண்டும்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிடு. எதிர்ப்பக்க அட்வகேற் எழும்பி, வாசித்தீர்கள், விளங்கியது, பிறகு ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார். எங்கள் சனம் நாலு பேராவது கோர்ட்டில் இருப்பார்கள். நான் சொல்லப் போவதை உனக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். பத்தொன்பது நாளில் என்னை ஒரு மனுஷியாக எண்ணி நேரே கதைத்த முதல் ஆள் அவர். இவ்வளவு நேரம் இருந்து கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்து வைத்தால் இன்னொரு நாளும் வருவார் என்று நினைத்தேன். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார், அதனால் வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தியேட்டி அன்று, உன் அப்பாவுக்குக் கடைசிக் கடமை செய்கிற அன்று, வந்த சனத்துக்குள் நான் கதவு நீக்கலால் அந்தக் கொம்பனிக்காரரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லும்போது நீ கோர்ட்டில் உன் இடத்தில் இருப்பாயா, எழும்பி வெளியே போய்விடுவாயா என்பதை மட்டும் எனக்கு எழுது. நீ போனாலும் நான் சொல்வேன். இருந்தாயானால், யாரைப் பார்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியும்.

அம்மா